எல்லாவற்றையும் அழிக்கும் பிரவுசர்

என் மகளுக்கு இரண்டரை வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. அதைத்தான் போனில் தேடினேன். வீட்டில் மூன்று பேருக்கும் அந்த ஒரு போன்தான். தறியில் உட்காரும்போது கணவருக்கு, மதியம் பிரசங்கம் கேட்க மாமியாருக்கு, மிச்ச நேரம் எனக்கு.

இரண்டாம் நாளே மாமியார் போனை நீட்டினார். “இன்னாமா இது, பேச்சுப் பயிற்சி, பேச்சுப் பயிற்சின்னு வந்துக்கினே இருக்குது?”

“விளம்பரம் அத்தை. எல்லாருக்கும் வரும்.”

“நான் பேசறது போதலையாமா?” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் காதில் விழுந்தால், மறுநாள் தெருவில் எல்லாரும் கூடித் தறிக்கான பாவு நூலை நீட்டும்போது என் குழந்தைதான் பேச்சு. குறைதானா என்று எனக்கே தெரியாதபோது ஊர் எதற்கு முடிவு செய்ய வேண்டும்?

முதலில் போனில் இருந்த பழைய பிரவுசரிலேயே, இன்காக்னிட்டோ என்ற மறைமுகப் பக்கத்தில் தேடினேன். இந்தப் போனிலிருந்து மட்டும்தான் மறைப்பேன், இணையதளங்களுக்கு நீ தெரியலாம் என்று அதுவே ஒப்புக்கொண்டது. பிறகு வேறு பிரவுசர்களை இறக்கினேன். ஒன்று, பின்தொடரும் எத்தனை வேவு நிரல்களைத் தடுத்தேன் என்று பெருமையாக எண்ணிக்கை காட்டியது. முதல் பக்கத்திலேயே தன் சொந்த விளம்பரத்தையும் காட்டியது. இன்னொன்று எதையும் சேமிப்பதில்லை என்றது. பட்டம் வாங்கிய தைரியத்தில் அதன் ஆங்கில அறிக்கையை முழுக்கப் படித்தேன். சில தகவல்கள் தவிர என்று நடுவில் ஒரு வரி. மூன்றாவது, மூடியதும் எல்லாவற்றையும் அழித்துவிடும். காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டு ஒப்பிட்டேன். மூன்றாவதற்கே அதிக டிக். எந்த லிங்கைத் தொட்டாலும் அதிலேயே திறக்கும்படி மாற்றிவைத்தேன்.

விளம்பரம் நிற்கவில்லை. எந்த அமைப்பை விட்டேன் என்று மறுபடி மறுபடி பார்த்தேன். மூன்று வாரம் போனது.

ஒரு காலையில் தறியிலிருந்து கணவர் கூப்பிட்டார். “சேல முந்திக்கு வந்துட்டேன், படத்தைக் காணோம். யாருமா போனைத் தொட்டது?”

சேலை வாங்குபவர் அனுப்பும் லிங்கில், அவர் போனில் சொல்லச் சொல்ல, கணவர் நூறு சேலைகளைத் தாண்டி நெய்ய வேண்டிய படத்தைப் பிடிப்பார். சேலையை நெய்து தறியிலிருந்து அறுத்து எடுக்கும்வரை அந்தப் பக்கத்தை மூடமாட்டார், சேமிக்கவும் மாட்டார். அது எனக்குத் தெரியும். கட்டம் போட்டபோது நினைவுக்கு வரவில்லை.

“நான்தாங்க. பிரவுசரை மாத்தினேன். முந்தாநாள் மூடினேன், அழிஞ்சிருக்கும்.”

“எதுக்கு?”

“பாப்பா பேசலையேன்னு தேடிக்கினு இருந்தேன். அத்தைக்குத் தெரியக்கூடாதுன்னு.”

தறிக்குழியில் காலை வைத்தபடியே என் பக்கம் திரும்பினார். “நானும் அதைத்தான் தேடிக்கினு இருக்கேன். தெனமும். நீ பயந்துடுவேன்னு சொல்லல.”

“எதுல தேடினீங்க?”

“பழசுலதான். வேற எது இருக்குது?”

விளம்பரம் ஏன் நிற்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. கோபம் யார்மேல் என்று தெரியவில்லை. உலகத்து வேவுகளையெல்லாம் தடுக்கப் பார்த்தவள், ஒரே போனில் பக்கத்தில் இருப்பவர் தேடுவதைக் கேட்கவில்லை. அந்த மூன்று வாரத்தில் டாக்டரைப் பார்த்திருக்கலாம்.

வாங்குபவரிடம் மறுபடி கேட்க அவர் போனை எடுத்தார். நான் கையை நீட்டினேன். “முதல்ல டாக்டருக்கு.”

கூடத்தில் மாமியார் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். மருத்துவமனைக்குப் போன் போட்டேன், குழந்தைக்கு என்ன வயது என்று கேட்டார்கள். ராட்டைச் சத்தம் நின்றது. குரலைத் தாழ்த்தாமல் இரண்டரை என்றேன். பிறகு, இரண்டரைக்கு மேல் ஒரு மாதம் ஆகிறது என்று திருத்தினேன்.