மெசினுக்கு ஏற்ற தாள்

கொண்டுவந்த தாளை நவமணி முதலில் வாசிப்பதில்லை, உதறுவாள். பிறகு யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நாலு ஓரத்தையும் பெருவிரலால் தடவுவாள். "உதிலை குண்டூசி இருக்கு, கழட்டுங்கோ." கழற்றிக் கொடுத்தாலும் விடமாட்டாள். "எட்டா மடிச்சு மடியிலை வைச்சனீங்களோ? வேர்வை காயட்டும், இருங்கோ."

கஸ்தூரியார் வீதிக் கடைக்குப் பக்ஸ் மெசின் வந்த எண்பத்தொன்பதாம் ஆண்டிலிருந்து இதுதான் அவள் வேலை. ஒரு பக்கம் தாளை வைத்தால் உருளைகள் இழுத்துப் படித்து மறுபக்கம் துப்பும். அதே எழுத்து ரொறன்ரோவில் இன்னொரு தாளில் வெளிவரும். ஒருமுறை யாரோ சோற்றுப் பசையால் ஒட்டிய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைக் கொடுக்க, மெசின் அதை விழுங்கிவிட்டுப் படுத்துவிட்டது. புது உருளை பிஸ்கற் ரின்னுக்குள் கொழும்பிலிருந்து வந்துசேரப் பதினேழு நாள். அதன்பிறகு முதலாளி நோர்மன்கூட அவளிடம் காட்டாமல் ஒரு தாளும் அனுப்புவதில்லை. ஞாயிற்றுக்கிழமை உடுவில் வேதக்கோயிலில் பாட்டுப் புத்தகத்தைத் திறக்கும்போதும் அவள் விரல் ஓரத்தைத்தான் முதலில் தேடும்.

ஒரு வியாழக்கிழமை, ஓய்வுபெற்ற அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர் சிவசுப்பிரமணியம் மகள் பத்மலோசனியின் சாதகத்தோடு வந்தார். ரொறன்ரோ மாப்பிள்ளை வீட்டார் அவசரமாகக் கேட்டிருந்தார்கள். தாளின் நாலு மூலையிலும் மஞ்சள், நடுவில் செலோரேப்.

"உதை ஆள் தொடமாட்டா, ஐயா. வெள்ளைத் தாளிலை கறுத்தப் பேனையாலை பார்த்தெழுதித் தாங்கோ."

'ஆள்' என்றால் மெசின். சிவசுப்பிரமணியம் வாங்கில் குந்தி, அடிமட்டம் வைத்துக் கட்டம் கீறினார். கிரகங்களை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டு வந்தவர் ஏழாம் வீட்டுச் செவ்வாயில் நின்றுவிட்டார். மகளுக்கு முப்பத்திரண்டு வயது. அந்தச் செவ்வாய் ஏற்கெனவே நாலு சம்பந்தங்களைக் கலைத்திருந்தது. அவர் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு மளமளவென்று எழுதி முடித்தார்.

நவமணிக்குச் சாதகம் ஒரு இழவும் தெரியாது. ஆனால் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்தால், 'செவ்' ஒரு கட்டம் பின்னுக்குத் தள்ளிப் போயிருப்பது கண்ணில் படாமலா போகும்?

"மை காயேல்லை, ஐயா. உருளையிலை அப்பும். வேறை தாளிலை எழுதுங்கோ."

இரண்டாவது தாளிலும் செவ்வாய் தள்ளித்தான் இருந்தார்.

"ஓரம் மடிஞ்சிருக்கு, ஐயா."

"உந்தச் சின்ன மடிப்போ, பிள்ளை?"

"ஆளுக்குச் சின்னன் பெரிசு தெரியாது, ஐயா." முகத்தில் ஒரு சிரிப்பும் காட்டாமல் மூன்றாவது தாளை நீட்டினாள். பழைய சாதகத்தையும் அதற்கு மேல் வைத்துத்தான் நீட்டினாள்.

அவருக்கு விளங்கிவிட்டது. காது மடல் சிவக்க, கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பால் கனநேரம் துடைத்தார். நவமணிக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நீட்டிய தாளைத் திருப்பி எடுக்கவில்லை. கடைசியில் எழுதிக் கொண்டுவந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"பிள்ளை, செவ்வாய் பழைய வீட்டுக்கே வந்திட்டார்."

"ஆர் ஐயா அவர்? நான் தாளை மட்டும்தான் பார்க்கிறனான்."

அவர் இறுக்கிப் பிடித்ததில் அந்தத் தாளின் மூலை முந்தியதைவிட மோசமாக மடிந்திருந்தது. நவமணி அதை மேசையில் வைத்து, உள்ளங்கையால் இரண்டுதரம் அழுத்தி நீவி, மெசினின் வாயில் வைத்தாள்.