மதாம்மையின் பந்தய நாய்கள்

கலியாணமாகி நான் ஆரியசாலைக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. கீழே மாமாவின் மொத்த வியாபாரக் கடை, மேலே வீடு. வற்றல் மிளகாய் மூட்டை பிரிக்கிற நாளில் மாடியில் எல்லோரும் தும்முவோம். மாடிப்படி நேராகக் கடைக்குள்தான் இறங்கும். தெருவுக்குப் போக வேண்டுமானால் மாமா உட்கார்ந்திருக்கும் இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். யாரும் என்னைப் பூட்டி வைக்கவில்லை. ஆனால் எங்கே போகிறாய் என்று கேட்டால் சொல்வதற்கு எனக்கு ஓர் இடம் இல்லை.

நாகர்கோவிலில் காலேஜில் இண்டர்மீடியட் சேர்ந்து பாதியில் நிறுத்தப்பட்டவள் நான். திருவனந்தபுரம் பெரிய ஊர், ராஜா இருக்கிற ஊர் என்று சொல்லித்தான் கட்டிக்கொடுத்தார்கள். நான் பார்த்த திருவனந்தபுரம் எதிர்க் கடையின் ஓட்டுக் கூரையும், வெள்ளிக்கிழமை அத்தையோடு போகும் கோயிலும்தான். குழந்தை பிறக்கவில்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். வருகிறவர்கள் பேசுவார்கள், அப்போது வீட்டிலுள்ளவர்கள் தடுக்கமாட்டார்கள்.

என் கணவருக்குத் தேயிலைக் கம்பெனி ஒன்றில் கணக்கு வேலை. ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவர் மாமாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"மானேஜரு ஒரு காரியம் கேட்டாரு. பொன்முடியில எஸ்டேட் வச்சிருந்த தொரை செத்துப்போனாருல்லா, அவரு சம்சாரம் இப்பம் வழுதக்காட்டுலதான் இருக்கு. கண்ணு மங்கிப்போச்சு. இங்கிலீஷ் வாசிச்சுக் காட்ட ஒரு பொம்பள வேணுமாம். இவ வாசிப்பாள்லா?"

"மதாம்மை வீட்டுக்கா?" என்றாள் அத்தை. "மாடு திங்கிற வீட்டுல நம்ம பிள்ள போயி இருக்கதா?"

"திங்கவா கூப்பிட்டா? வாசிக்கத்தானே" என்றார் மாமா. "மானேஜரே கேட்டிருக்காருன்னா மாட்டேன்னு சொல்ல முடியுமா? போகட்டு."

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. மறுநாள் படுதா போட்ட குதிரைவண்டி வந்தது. படுதாவின் கிழிசல் வழியாக முதல்முறையாக ஊரைப் பார்த்துக்கொண்டே போனேன்.

பங்களாவைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் மதில். உள்ளே வராந்தாவில் மூன்று நாய்கள் நீட்டிப் படுத்திருந்தன. நான் கண்ட நாய்கள் எதைப் போலவும் அவை இல்லை. குறுகிய முகம், ஆழமான மார்பு, வயிறே இல்லாததுபோல் ஒட்டிய இடுப்பு. பட்டினி போட்டிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். மூன்றும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டன. குரைக்கக்கூட இல்லை. அவற்றுக்கு நீளமான இங்கிலீஷ் பெயர்கள் இருந்தன. என் மனதில் அவை வரிநாய், கருப்பு, வெள்ளை என்றுதான் பதிந்தன.

மதாம்மைக்கு அறுபது வயதிருக்கும். கப்பலில் கட்டாக வரும் பழைய செய்தித்தாள்களை வாசிக்கச் சொன்னாள். ஆனால் அவள் காத்திருந்தது நாய்ப் பந்தயச் செய்திக்கு. அந்தப் பக்கம் வந்ததும் நிமிர்ந்து உட்காருவாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று கண்டுகொண்டு அவளே விளக்கினாள். அவள் ஊரில் வட்டமான மைதானம் உண்டு. உள் ஓரமாக ஒரு வேலி. நாய்களைத் தனித்தனிப் பெட்டியில் அடைப்பார்கள். மோட்டாரில் ஒரு பொம்மை முயல் ஓடிவரும். அது கடந்துபோனதும் பெட்டிக் கதவுகள் ஒரே சத்தத்தோடு மேலே எழும்பும். பிறகு அரை நிமிஷம்தான் எல்லாம்.

"வேகமான நாய் ஜெயிக்கும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள்" என்று சொல்லிச் சிரித்தாள். "இதோ இவள் வேகமானவள். ஆனால் ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம்."

அது வரிநாய். பெட்டியிலிருந்து முதலில் வெளியே வருவது எப்போதும் அதுதானாம். முதல் வளைவு வரைக்கும் அதன் முன்னால் எந்த நாயும் இருக்காது. கடைசி வளைவில் மூச்சு வாங்கிவிடும். அதுவரை யாரும் எட்டிப் பிடிக்காவிட்டால்தான் வெற்றி. பந்தயம் விட்டு இத்தனை வருஷம் கழிந்தும், சமையலறையில் இரும்புச் சட்டியின் மூடி விழுந்தால் வரிநாய் தூக்கத்திலிருந்து பாய்ந்து எழும். இரண்டு தாவலில் மதில் வந்துவிடும். அங்கே நின்று சுவரைப் பார்க்கும்.

கருப்பு அதற்கு நேர் எதிர். கடைசியாகக் கிளம்பும். அவசரமே காட்டாது. உள்வேலியை உரசிக்கொண்டே ஓடும். முன்னால் போகிறவை வளைவில் கொஞ்சம் விலகும்போது அந்த இடுக்கில் புகுந்து முன்னேறிவிடும். மூன்றில் அதிகம் ஜெயித்தது அதுதான். வெள்ளைக்கு நடந்தது வேறு. சின்ன வயதில் ஒரு வளைவில் மற்ற நாய்கள் மோதித் தள்ளியதில் பின்காலில் அடி. ஆறிவிட்டது. ஆனால் பிறகு எந்த நாயின் தோளும் தன்மேல் படாதபடி வெளிப்பக்கமாக விலகியே ஓடத் தொடங்கியது.

"வெளியே ஓடினால் தூரம் அதிகம்" என்றாள் மதாம்மை. "எல்லாரையும்விட அதிகமாக ஓடி, எப்போதும் கொஞ்சத்தில் தோற்றுப்போகும். அதனால்தான் அதை என் வீட்டுக்காரர் வாங்கினார்."

யுத்தம் முடிந்த கையோடு, இனிப் பந்தயத்துக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட மூன்றையும் துரை கப்பலில் வரவழைத்திருந்தார். எஸ்டேட்டில் புல்மேடு இருந்தது, ஓடின. துரை இறந்தார், எஸ்டேட் கைமாறியது. மதாம்மை கீழே இந்த மதிலுக்குள் வந்தாள். அவிழ்த்துவிட்டால் அக்கம்பக்கத்து ஆட்டுக்குட்டியைக் கடித்துவிடுமோ என்று பயம். தோட்டக்காரன் வாயில் கூடு மாட்டி, சங்கிலியில் பிடித்து, மதிலோரம் ஒரு சுற்று நடத்துவான். அதோடு சரி.

"நீங்கள் ஊருக்குப் போகவில்லையா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நான் போகலாம். இவை போனால், கப்பலை விட்டு இறங்கியதும் ஆறு மாதம் தனித்தனிக் கூண்டில் அடைத்துவிடுவார்கள். வெறிநோய் இருக்கிறதா என்று பார்க்க. அதுதான் சட்டம். இந்த வயதில் தாங்காது." குனிந்து வெள்ளையின் காதைத் தடவினாள். "விட்டுப்போக யாரிடம் விடுவது?"

அவளுக்காக நாய்கள் உள்ளே இருந்தன. நாய்களுக்காக அவள் உள்ளே இருந்தாள். மாலையில் வண்டி என்னைத் திரும்பக் கொண்டுவந்து கடை வாசலில் இறக்கும்போது, ஒரு மதிலிலிருந்து இன்னொரு மதிலுக்கு மாற்றப்படுவதுபோல்தான் எனக்கு இருக்கும். ஆனாலும் காலையில் வண்டிச் சத்தம் கேட்க வேண்டுமே என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகச் சேர்ந்ததற்கு மறுவருஷம், அவளுடைய தம்பி மகன் கப்பலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டான். மிருக டாக்டர் வந்து, மூன்றையும் ஊசி போட்டு முடித்துவிடலாம், வலியிருக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். மதாம்மை அன்று எதையும் வாசிக்கச் சொல்லவில்லை. மறுநாள் நான் போனபோது வாடகைக் கார் நின்றது.

"சங்குமுகத்துக்குப் போகிறோம். ஒருமுறை ஓடட்டும். அவ்வளவு தூரம் எனக்குக் கண் தெரியாது, நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும்."

வீட்டில் கேட்காமல் வர முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். நான் காரில் ஏறிவிட்டேன். வெள்ளை என் மடியில் தலையை வைத்துக்கொண்டது.

மீன்காரர்கள் வலையை இழுத்து முடித்து ஒதுங்கியிருந்தார்கள். கரையின் வடகோடியில் தெற்குப் பார்த்து நின்றோம். வலப்பக்கம் கடல், முன்னால் கண்ணுக்கெட்டிய மட்டும் மணல். அவ்வளவு திறந்த இடத்தில் நான் நின்றதே இல்லை. தோட்டக்காரன் இரண்டைப் பிடித்திருந்தான், நான் வெள்ளையை. மதாம்மை டிரைவரிடம் காரின் பின்மூடியைத் தூக்கி ஓங்கி அடிக்கச் சொன்னாள். அந்த இரும்புச் சத்தத்தோடு சங்கிலிகளை அவிழ்த்துவிட்டோம், பறந்தன.

"சொல்லு, சொல்லு!" என்று என் கையைப் பிடித்து இறுக்கினாள்.

"வரிநாய்தான் முன்னால். ரொம்ப முன்னால். கருப்பு இப்போதுதான் கிளம்புகிறது. வெள்ளை விலகிப் போகிறது. தண்ணீரை ஒட்டி, இல்லை, தண்ணீருக்குள்ளேயே ஓடுகிறது. அலை தெறிக்கிறது."

அவள் சின்னப் பெண்ணைப்போல் சிரித்தாள். என் தலைமுடி காற்றில் அவிழ்ந்து முகத்தில் அடித்தது. நான் கத்திக்கத்திச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவை அப்படியே ஓடிக் கோவளம்வரை போய்விடும், இனி பிடிக்க முடியாது என்றுதான் நினைத்தேன். போகட்டும் என்றும் நினைத்தேன்.

திடீரென்று வரிநாய் இடப்பக்கம் சாய்ந்தது. கருப்பும் சாய்ந்தது. நேரே முன்னால் அவ்வளவு மணல் கிடக்க, இரண்டும் தென்னைகள் நின்ற பக்கமாக வளைந்தன. வெள்ளை மட்டும் பெரிய வளைவாக எடுத்துக்கொண்டு பின்னால் வந்தது.

"இடப்பக்கம் திரும்பிவிட்டன" என்றேன்.

மதாம்மையின் சிரிப்பு நின்றது. "கருப்பு எங்கே ஓடுகிறான்?"

"உள்பக்கமாக, வளைவை ஒட்டி. எதையோ உரசிக்கொண்டு ஓடுவதுபோல. அங்கே ஒன்றும் இல்லை."

"வேலி" என்றாள். "அவனுக்கு அங்கே வேலி இருக்கிறது."

மூன்றும் முழு வட்டம் அடித்து, நாங்கள் நின்ற இடத்துக்கே வந்து சேர்ந்தன. வரிநாய்க்குக் கடைசியில் மூச்சு வாங்க, கருப்பு முன்னால் வந்தது. வெள்ளை கொஞ்சத்தில் பின்தங்கியது. வந்து நின்று, நாக்கைத் தொங்கப்போட்டு, சங்கிலிக்காகக் கழுத்தை நீட்டின. மதாம்மை மணலில் உட்கார்ந்து மூன்றையும் தடவிக்கொண்டே அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. ஒரு பயம் வந்தது. திரும்பும் வழி முழுவதும் அது என்னை விடவில்லை. காரில் அவள் சொன்னாள், "ஊசி வேண்டாம். நான் போகவில்லை."

எங்கள் சாலைக் கடைத்தெருவில் கருவாடு வியாபாரம் செய்கிறவர் ஒருவர் அன்று காலை மீன்காரர்களைப் பார்க்கச் சங்குமுகம் வந்திருந்தாராம். நான் வீடு சேர்வதற்குள் செய்தி சேர்ந்துவிட்டது.

"முடிய விரிச்சிப் போட்டுக்கிட்டு கடப்பொறத்துல பட்டிநாயிகூட ஓடினியாமே?" என்றாள் அத்தை.

"ஓடல்ல அத்தே. நின்னுக்கிட்டுதான் இருந்தேன்."

"அங்க நின்னதும் ஓடினதும் ஒண்ணுதான்."

மாமா என்னைப் பார்க்காமலே, "இனி வண்டி வராண்டாம்" என்றார்.

வண்டி வரவில்லை. மழைக்காலம் தொடங்கியது. கணவரிடம் சொன்னேன். "கொஞ்ச நாளு கழியட்டு, அப்பா கோவம் ஆறட்டு" என்றார்.

"எனக்குக் கோவம் வராதுன்னு நினைக்கியளா?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கெட்டவர் இல்லை. அப்பாவின் குரல் உயராத பாதை எதுவோ அதிலேயே நடந்து பழகியவர். நான் அடுக்களையில் நிற்பேன், வெளிவருவேன், ஜன்னல் வரை போவேன், திரும்புவேன். ஒரு நாள் பார்த்தால், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் திரும்பிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு பகலில் கீழே தெருவில் பெரிய சத்தம். மாட்டுவண்டிகளுக்கு நடுவே ஒரு கார் மாட்டிக்கொண்டு நின்றது. கண்ணாடி வழியாக மூன்று குறுகிய முகங்கள். மதாம்மை மூட்டைகளைத் தடவித் தடவி, கைத்தடியோடு படியேறி மேலே வந்துவிட்டாள். எதிரே நின்ற அத்தையிடம் தமிழில் சொன்னாள், "ஏய், நீ மாமியாரா? இங்கே வா. அந்தப் பொண்ணை அனுப்பு."

அத்தையின் முகம் சிவந்துவிட்டது. "நீ ஆருட்டி, என் வீட்டுல வந்து என்னைய நீ வா போங்கியது?"

மதாம்மை என்னிடம் இங்கிலீஷில் கேட்டாள், என்ன கோபம் என்று. மரியாதை இல்லாமல் பேசிவிட்டீர்கள் என்றேன். அவள் திகைத்துப்போனாள். அவள் தமிழ் கற்றது எஸ்டேட்டில், கொழுந்து பறிக்கிறவர்களை ஏவுவதற்காக. அந்தத் தமிழில் ஏவல் மட்டும்தான் இருந்தது.

"மரியாதையாக எப்படிச் சொல்வது? யாரும் எனக்குச் சொல்லவில்லையே."

"நீங்க என்று சொல்லுங்கள்."

அத்தை இருந்த பக்கம் கையைக் கூப்பி, "நீங்க அனுப்பு" என்றாள்.

அத்தை வாயைச் சேலைத்தலைப்பால் மூடிக்கொண்டாள். சிரிப்பை அடக்கினாளோ என்னவோ. "கண்ணு தெரியாதவ இத்தற படி ஏறி வந்திருக்கா. ஒரு காப்பி போட்டுக் குடு" என்றாள் என்னிடம். பிறகு, "அனுப்பமாட்டேன்னு அவகிட்டச் சொல்லிரு" என்றாள்.

சொன்னேன். மதாம்மை காப்பியைக் குடித்துவிட்டு இறங்கிப்போனாள்.

மறுநாள் அடுக்களை வேலை முடிந்ததும் நான் சேலை மாற்றிக் கீழே இறங்கினேன். மாமா நிமிர்ந்தார்.

"எங்க?"

"வழுதக்காட்டுக்கு."

"வண்டி சொல்லல்லியே."

"நடந்து போவேன் மாமா."

கடையிலிருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஆள்கள் முன்னால் மருமகளிடம் குரல் உயர்த்த அவருக்கு மனம் வரவில்லை என்று நினைக்கிறேன். நான் நடந்தேன். வழி தெரியாமல் இரண்டு இடத்தில் மலையாளத்தில் கேட்டுக்கொண்டேன். மாலையில் திரும்பி வந்தேன். வேறு எங்கே போவது? அத்தை அந்த மாதம் முழுக்க என்னோடு பேசவில்லை. நான் தினமும் போனேன், தினமும் திரும்பினேன்.

நாய்கள் மறுபடி ஓடவில்லை. கருப்பு முதலில் போயிற்று, அடுத்த மழையில் வரிநாய். கடைசியாக இருந்த வெள்ளை, நான் வாசிக்கும்போது மதாம்மையின் பாதத்தின்மேல் படுத்துக்கொண்டே போய்விட்டது. அதற்குள் அவளுக்குப் பார்வை முழுக்கப் போயிருந்தது. ஊருக்குத் திரும்ப அவள் கப்பலேறுவதற்கு முந்தின நாள், "போவது சந்தோஷம்தானே?" என்று கேட்டேன்.

"இவ்வளவு நாள் காத்திருந்ததில், எங்கே போக நினைத்தேன் என்பதே மறந்துபோயிற்று" என்றாள்.

அவள் போன மறுநாள் வழக்கமான நேரத்துக்குச் சேலை மாற்றிவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். பாதியில் விட்ட இண்டர்மீடியட் பரீட்சையை அந்த வருஷம் பிரைவேட்டாக எழுதினேன், கணவர்தான் பணம் கட்டினார். நாகர்கோவில் பக்கம் மதராஸ் ராஜ்யத்தோடு போகப்போகிறது, நம் ஆட்கள் எல்லோரும் அங்கே போய்விடலாம் என்று பேச்சு அடிபட்டது. மாமா, கடை இங்கேதான் இருக்கிறது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நாங்கள் ஆரியசாலையிலேயே இருந்தோம். பரீட்சையில் நான் தேறியிருந்தேன். ஒரு பெண்கள் பள்ளியில், பிரசவத்துக்குப் போன டீச்சர் திரும்பும்வரை இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டார்கள். அந்த டீச்சர் திரும்பி வராமல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு தினமும் போய்வந்தேன்.