ஏழு சிவப்புக் கொடிகள்

கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரும்பு ஆலையின் மதில். மதிலை ஒட்டிக் கொஞ்சம் செம்மண் பொட்டல். காரைமுள்ளும் ஈச்சம்புதரும் தவிர அங்கே ஒன்றும் கிடையாது. கோடை மழை ஒன்று பெய்தால் மட்டும், இலையே இல்லாத தண்டுகள் விறுவிறுவென்று எழுந்து வெள்ளையாகப் பூக்கும். நரிவெங்காயம் என்போம்.

எனக்குப் பத்து வயதிருக்கும். கல்லூரி ஆசிரியை ஒருவர் அதைத் தேடிக்கொண்டு வந்தார். மண்டியிட்டு, பூவை லென்ஸில் பார்த்துவிட்டு, "இது சாதாரண நரிவெங்காயம் இல்ல பாப்பா, ரொம்ப அபூர்வம். இந்த மண்ணை விட்டா வேற எங்கயும் வராது. நீதான் பாத்துக்கணும்" என்றார். இருந்த ஏழு செடிகளுக்கும் பக்கத்தில் சிவப்புக் கொடி நட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்பில் லீடராகக்கூட ஆகாத நான் ஏழு செடிகளுக்குக் காவல்!

அந்த வாரமே அப்பாவுக்குக் கால் ஆணி முற்றிவிட்டது. ஆலையில் நாள் முழுக்க நிற்கிற ஒப்பந்த வேலை. லீவு போட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். பூட்ஸில் காலை நுழைக்கும்போது அவர் பல்லைக் கடிப்பார், எனக்கு அழுகை வரும். எங்களோடு இருந்த அத்தைதான் சொன்னார்: "நரிவெங்காயத்த சுட்டு வச்சிக் கட்னா ஆணி பூடும்."

கொடிகளைப் பார்த்ததும் மனசு அடித்துக்கொண்டது. ஆனால் அப்பாவைவிட எது அபூர்வம்? ஓர் ஆணிக்கு எத்தனை கிழங்கு வேண்டுமென்றும் தெரியாது. கரண்டியால் ஏழையும் தோண்டிப் பாவாடையில் அள்ளி வந்தேன்.

"இன்னாடி இது, ஊருக்கே கொழம்பு வைக்கப் போறியா? ஒன்னு போதும்" என்று அத்தை ஒன்றைத் தணலில் போட்டுவிட்டு மீதியைச் சாக்கடையில் வீசினார். சாறு பட்ட என் கைகள் அரித்துத் தடித்தன. புளியைக் கரைத்துத் தேய்த்தும் அடங்கவில்லை. ஆனால் மூன்றாம் நாள் அப்பா நொண்டாமல் வேலைக்குப் போனார். அந்தச் சந்தோஷத்தில் அரிப்பு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

மறுநாள் ஆசிரியை வந்தார். கொடிகள் அப்படியே நின்றன, பக்கத்தில் ஏழு குழிகள். அவர் கேட்பதற்கு முன்பே, "பன்னி தோண்டிட்ச்சி மிஸ்" என்றேன்.

அவர் குழியோரம் உட்கார்ந்துவிட்டார். பிறகு என் கைகளைத் திருப்பிப் பார்த்தார். பையிலிருந்து களிம்பை எடுத்து ஒவ்வொரு விரலாகத் தடவிவிட்டு, "தண்ணி படாம வச்சிக்கோ" என்றார். கொடிகளைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பினார்.

இவ்வளவு படித்தவர் இப்படி ஏமாறுகிறாரே என்று எனக்குப் பாவமாக இருந்தது.