"கொழப்பமில்ல" என்று சொன்னேன்

திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்து திரு-கொச்சி ராஜ்யமாக இருந்த காலம். தேசிய சைக்கிள் பந்தயத்துக்குத் திருவனந்தபுரத்திலிருந்து ஒருவரைத்தான் அனுப்புவார்கள். கடைசித் தேர்வில் நானும் நாகர்கோவில்காரன் வேலப்பனும் நின்றோம். அவன் என்னைவிட வேகக்காரன்.

பந்தய சைக்கிளில் பிரேக் கிடையாது. டயரைப் பசை போட்டுத்தான் ரிம்மில் ஒட்டுவோம். கிளம்புமுன் ஒருவன் டயரை மற்றவன் அழுத்திப் பார்ப்பது எங்கள் வழக்கம். அவனுடைய முன்டயரை அழுத்தினேன். என் கட்டைவிரலுக்கடியில் அது நகர்ந்தது.

"எப்பிடிடே இருக்கு?" என்றான்.

"கொழப்பமில்ல" என்றேன், எல்லாம் சரியாக இருப்பதுபோல.

மூன்றாவது வளைவில் டயர் கழன்றது. வேலப்பனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. நான் ஜெயித்தேன்.

பழவங்காடிக் கடைத்தெருவில் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட கையோடு சிரித்தான்.

"உனக்க டயரும் எளகித்தான் கெடந்துது, கேட்டியா? காலைல நீ சாயா குடிக்கப் போனப்பம் நான் பசை போட்டு ஒட்டினேன். சொன்னா பதறுவியேன்னு சொல்லல."

ஆரஞ்சை உரித்து, ஒவ்வொரு சுளையாக அவனுடைய மற்றக் கையில் வைத்தேன்.

தேசியப் போட்டிக்கு நான் போனேன். அவன் பிறகு பந்தய சைக்கிளே ஓட்டவில்லை. அவனிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். இன்றும் தெருவில் யாருடைய சைக்கிள் நின்றாலும், என் கட்டைவிரல் அதன் டயரை அழுத்திப் பார்க்காமல் விடுவதில்லை.