பி பக்கத்தில் அம்மன் பாட்டு

தொண்ணூறுகளில் தி.நகரில் ஒரு புடவைக் கடையில் ஐந்து வருடம் நின்றேன். வேலை பார்த்தேன் என்பதைவிட நின்றேன் என்பதுதான் சரி. கடை திறந்ததிலிருந்து மூடும்வரை சேல்ஸ்மேன் உட்காரக் கூடாது. ஸ்டூல் வாடிக்கையாளருக்கு மட்டும். ஈ காக்காய் இல்லாத மதியத்திலும் காலி ஸ்டூலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான்.

வெளியே போக எனக்கிருந்த ஒரே வழி எங்கள் பேண்டு. மூன்று பேர். சாந்தோம் சர்ச்சில் கிடார் வாசிப்பவன், சைதாப்பேட்டையில் கல்யாண ஊர்வலங்களுக்கு டிரம்ஸ் அடிப்பவன், கத்துவதற்கு நான். பங்க் ராக்குக்கு நல்ல குரல் வேண்டாம், கோபம் போதும். அது என்னிடம் நிறைய இருந்தது. வார விடுமுறைகளில் கிடார்காரன் வீட்டு மொட்டை மாடியில் நான்கு பாட்டுகளைப் பதிவு செய்தோம். முதல் பாட்டு ‘உக்காரு’. அதில் அந்த வார்த்தையைத் தவிர வேறு அதிகம் கிடையாது. கேசட் வெளியே போய், நாலு காலேஜில் கூப்பிட்டுவிட்டால் கடைக்கு முழுக்குப் போட்டுவிடலாம் என்று நம்பினேன்.

மயிலாப்பூரில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் ஐம்பது பிரதி எடுக்கக் கொடுத்தோம். பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் கேசட்டில் ஏற்றித் தரும் கடை அது. எங்கள் பாட்டுகள் மொத்தம் பதினொரு நிமிடம். கேசட்டோ அறுபது நிமிடம். அந்தத் தொழிலில் டேப்பைக் காலியாக விடமாட்டார்கள், விட்டால் வாங்கியவர் சண்டைக்கு வருவார். மிச்ச இடத்தில் எதையாவது நிரப்பிவிடுவார்கள். எனக்கே இது தெரியும். வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை, மடையன்.

“காலியா வுட்டா நல்லாவா இருக்கும் தம்பி? ஆடி மாசம் வருதேன்னு அம்மன் பாட்டா போட்டுட்டேன். பி சைடு ஃபுல்லா அதான்” என்றார் கடைக்கார பாய். உபகாரம் செய்த திருப்தி அவர் முகத்தில்.

ஐம்பதிலும் அப்படித்தான். டிரம்ஸ்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். “மச்சி, கூழு ஊத்துற எடத்துல வித்துரலாம்டா.” எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது.

கடையில் ஜாக்கெட் துணிப் பிரிவில் நின்ற அக்காவுக்கு ஒரு கேசட் கொடுத்தேன். பதினைந்து வருடமாக நிற்பவர், கால் நரம்பெல்லாம் சுருண்டு வீங்கியிருக்கும். மறுநாள் வந்து சொன்னார்: “இன்னா நைனா, பாட்டா அது? தண்ணிக் கொயாயாண்ட சண்ட போட்ற மாதிரி கீது. ஆனா அந்த மொத பாட்டு மட்டும் நாலு தபா கேட்டேன்.”

அன்று மாலை, வேலை முடிந்து போகிறவர்களின் பையை வாசலில் சோதிக்கும்போது என் பையில் இன்னொரு கேசட் மாட்டியது. சூப்பர்வைசர் அதைக் கடையின் டெக்கில் போட்டுப் பார்த்தார். பி பக்கம். அம்மன் பாட்டு.

“இதெல்லாம்கூட கேப்பியாடா நீ? பரவால்லியே” என்று கடைக்கே எடுத்து வைத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து கடை திறக்கும்போது அதுதான். வரிசையாகக் கைகூப்பி நிற்போம். நானும் நிற்பேன், யாரும் திருப்பாத மறுபக்கத்தில் என் குரல் கிடக்கிறது என்று தெரிந்துகொண்டே.

ஆடித் தள்ளுபடியின் முதல் ஞாயிறு. ஷட்டரைத் தூக்குமுன்பே கூட்டம் முட்டியது. வாசலில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த சூப்பர்வைசர் என்னைப் பார்த்து, “டேய், கேசட்டைப் போடு!” என்று கத்தினார். போட்டேன். ஏ பக்கத்தை.

எல்லா மாடியிலும் ஸ்பீக்கர் உண்டு. ‘உக்காரு! உக்காரு!’ என்று கடை முழுக்க நான் அலறினேன். ஒரு அம்மா காதைப் பொத்திக்கொண்டார். சூப்பர்வைசர் ஓடிவந்தார்.

“டேப்பு சிக்கிக்கிச்சு பாரு! நிறுத்துடா! ஹெட்டைத் துடை!”

அவருக்கு அது பாட்டு என்றே தெரியவில்லை. நிறுத்தினேன். அதற்குள் ஜாக்கெட் துணிப் பிரிவில் அக்கா உட்கார்ந்திருந்தார். வாடிக்கையாளர் ஸ்டூலில், இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு.

“யாரைக் கேட்டு உக்காந்த?”

“பாட்டுல சொன்னாங்க சார்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் அவருக்கு வெறியேற்றியது. “எந்தப் பாட்டு? யார் பாடுன பாட்டு?”

அக்கா என் பக்கமே திரும்பவில்லை. “எனக்கு இன்னா தெரியும்? காது கீது, கேட்டுது.”

“நாளையிலேர்ந்து வராத. இப்பவே கிளம்பு.”

அது என் குரல் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நானும் கிளம்பியிருப்பேன், அவ்வளவு நாள் ஆசைப்பட்ட மாதிரியே. நான் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, டெக்கில் டேப் உரசும் ஹெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அழுக்கே இல்லை. ஆனாலும் துடைத்தேன். பிறகு கேசட்டைத் திருப்பி அம்மன் பாட்டைப் போட்டேன்.

அக்கா வாசலில் பையைத் திறந்து காட்டிவிட்டுக் கூட்டத்துக்குள் இறங்கிப் போனார். அதற்குப் பிறகும் மூன்று வருடம் அங்கே நின்றேன்.