பருந்துக்காக விட்டுவைத்த கூடு

ஹுன்னஸ்கிரியவில் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தின் உச்சிப் பாறையில், போன ஐப்பசியில் பருந்து எண்ண உட்கார்ந்திருந்தோம். வடக்கேயிருந்து குளிருக்கு ஒதுங்கி வரும் பருந்துகளை வருடா வருடம் எண்ணுகிற குழுவில் நானும் ஒருத்தி. கூட இருந்தவள், கண்டியில் என்னோடு ஒரே கந்தோரில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்துத் தோழி.

அக்கா இன்னமும் கொழுந்துதான் பறிக்கிறாள். அன்று அவளுக்கு எங்களுக்கு நேர் கீழே இருந்த தேயிலை மலையில் வேலை. போகிற வழியில், "வானத்தப் பாத்துப் பாத்து கழுத்து சுளுக்கிக்கிட்டு வந்து நிக்காத" என்று கேலி செய்துவிட்டுப் போனாள்.

அந்த மலையின் நடுவே நின்ற பெரிய மரத்தில் குளவிக்கூடு தொங்குவதைக் காலையிலேயே பைனாகுலரில் கண்டுவிட்டேன். நாங்கள் எண்ணுகிற பருந்துகளில் தேன்பருந்தும் ஒன்று. தேன்பருந்து என்று பெயர்தானே தவிர, அதற்கு வேண்டியது குளவிக்கூட்டுக்குள் இருக்கும் புழு. அது கூட்டைக் கிளறினால் கொட்டு வாங்குவது கீழே நிற்கிறவர்கள். லயத்து வீட்டில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கூட்டைக் கண்டவர்கள் கங்காணியிடம் சொல்ல வேண்டும். அவர் ஆட்களை வேறு மலைக்கு மாற்றிவிட்டு, கூட்டுக்குப் புகை போடச் சொல்வார்.

நான் சொல்லவில்லை. புகை போட்டால் பருந்து வராதே என்ற ஒரே நினைப்பு. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பத்து மணி வெயிலில் அது வந்தது. இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் தாழ்ந்தது. அப்போதாவது கத்தியிருக்கலாம். வாயைத் திறந்தேன்.

"கதையாதையும், பறந்திடும்" என்றாள் தோழி. அவளுக்குக் குளவியைப் பற்றி என்ன தெரியும்? தெரிந்தவள் நான். மூடிக்கொண்டேன். பருந்து கூட்டில் கால் வைத்ததும், வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

பிறகு கீழேயிருந்து, "குளவி! படுங்க, படுங்க!" என்ற கங்காணியின் குரல் கேட்டது. பெண்கள் கூடையை வீசிவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையோடு போர்த்திக்கொண்டு விழுந்தார்கள். அக்காவின் படங்கு முடிச்சு அவிழவில்லை. அவள் ஓடினாள்.

பிழைத்துக்கொண்டாள். சாயந்தரம் ஆஸ்பத்திரியில் அவள் முகத்தைப் பார்த்தபோது, கண் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. பக்கத்துக் கட்டில்காரி, பாறையில் ஆள் இருந்தும் ஒரு சத்தம்கூடக் கொடுக்கவில்லையே என்று குறைப்பட்டாள். வீங்கின உதட்டோடு அக்கா அவளிடம் சண்டைக்குப் போனாள்.

"மேல இருந்தது என் தங்கச்சி. கண்டிருந்தா சும்மா இருப்பாளா அவ?"

தோழி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அக்காவின் காலைப் பிடித்துவிட்டபடி, "மரம் மறைச்சிருச்சுக்கா" என்றேன்.

"அதான பாத்தேன்" என்றாள் அக்கா.