சொந்த ஜெபம்

எங்கள் ஜெலுத்தோங் சபையில் ஜெபப் புத்தகங்களை ஸ்டோரில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். மனதில் வந்ததைக் கத்துவதுதான் இப்போது ஜெபம். இந்த ஞாயிறு டிரம்ஸ் அதிர்ந்துகொண்டிருந்தபோது, பக்கத்திலிருந்த அம்மாவின் சேலையில் பாச்சை உருண்டை வாடை அடித்தது. அந்த வாடை எனக்கு ஒரே ஒரு ஆராதனையைத்தான் நினைவூட்டும்.

அப்போது எனக்கு ஏழு வயது. தம்பி ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தான். போதகர் புத்தகத்தைப் பார்த்து நோயாளிகளுக்கான மன்றாட்டை வாசிக்க, சபையார் நாங்கள் எல்லோரும் சேர்ந்து, "கர்த்தாவே, எங்கள் ஜெபத்தைக் கேட்டருளும்" என்றோம். பாச்சை உருண்டை வாடையடித்த சேலையில் என் பக்கத்திலிருந்த அம்மா திடீரென்று எழுந்து நின்றாள்.

"ஆண்டவரே, என் புள்ளைய எனக்கே குடுத்துரு."

போதகர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உட்காரும்மா. கத்துறதுக்கு இது பசார் இல்லலா."

அம்மா உட்கார்ந்தாள். அவர் விட்ட வரியிலிருந்து வாசித்தார். அந்த வாரமே, அதே புத்தகத்தின் வேறொரு பக்கத்தை வாசித்துத் தம்பியை அடக்கம் செய்தார்.

டிரம்ஸ் ஓய்ந்ததும் இப்போதைய பாஸ்டர் அம்மாவிடம் மைக்கை நீட்டினார். "மனசுல உள்ளத வாய்விட்டுச் சொல்லுங்கம்மா."

"கர்த்தாவே, எங்கள் ஜெபத்தைக் கேட்டருளும்" என்றாள் அம்மா.

அவர் சிரித்தார். "புத்தகத்து ஜெபம் வேணாம்மா. சொந்தமா ஜெபிங்க."

அம்மா மைக்கைத் தள்ளிவிட்டாள். "அத இதே இடத்துல அன்னைக்கே ஜெபிச்சிட்டேன் தம்பி. உட்காரச் சொன்னாங்க."